காது வளர்க்கும் முறை: செவி மந்தமாகுமா?

ஆகாது. கம்மல் தொங்கும் சோணையில் குருத்தெலும்பே கிடையாது, தோலும் கொழுப்பும்தான். சத்தம் மேலிருந்தா கீழிருந்தா, முன்னாலா பின்னாலா என்று பிரித்தறிய உதவுவது அதற்கு மேலே குழியும் மடிப்புமாக இருக்கும் பகுதி. பாம்படம், தண்டட்டி போட்டுத் தோள் வரை காது வளர்த்த தென்மாவட்டப் பாட்டிகளுக்குக் காது கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் அது மூப்பில் உட்செவி தேய்வதால். துளையின் மேல் பழி வேண்டாம்.

கெடுவது சோணைதான், அதுவும் அவசரத்தால். குத்தி ஆறு மாதமாவது ஆகட்டும். குத்திய இடம் கட்டிபோலத் தடித்துத் தழும்பு ஏறியிருந்தால் இந்த ஆசையையே விட்டுவிடுங்கள்.

துளையில் மாட்டும் பிளக் என்ற உருளை நகையின் அளவுகள் மி.மீ. கணக்கில் 1.6, 2, 2.5, 3, 4, 5, 6, 7, 8, 9, 10 என்று போகும். ஒன்றையும் தாண்டாதீர்கள். 5 வரை ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதம், பிறகு மூன்று மாதம் இடைவெளி.

வெந்நீரில் குளித்ததும் சோணை இளகியிருக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு சொட்டு ஜோஜோபா எண்ணெய் தொட்டு ஐந்து நிமிடம் பிசையுங்கள். டேப்பர் என்ற, ஒரு முனை கூம்பிய கம்பியை மெதுவாகச் செலுத்தி, அதன் பின்னாலேயே அதே அளவு பிளக்கைத் தள்ளுங்கள். டேப்பரையே நகையாக மாட்டித் திரிவது தவறு. எடை ஒரு பக்கமாக இழுக்கும். புதுத் துளைக்குக் கண்ணாடி, டைட்டானியம் ஏற்றவை. மரமும் அக்ரிலிக்கும் ஆறிய பிறகு. இருபுறமும் விளிம்பு அகன்ற பிளக்கும் அப்படியே, அந்த விளிம்பு துளையைவிடப் பெரிது. லேசான இறுக்கம் இருக்கலாம். சுரீரென்று வலித்தாலோ ரத்தம் கசிந்தாலோ பழைய அளவுக்குத் திரும்புங்கள்.

டேப்பர் பயமாக இருந்தால், குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப் போதும். பிளக்கின் மேல் வாரத்துக்கு ஒரு சுற்று. மெதுவான வழி, ஆனால் சேதம் குறைவு.

அவசரப்பட்டால் துளையின் பின்புறம் உள்தோல் வளையமாகப் பிதுங்கும். உடனே ஓரிரு அளவு இறங்கி, கொதித்து ஆறிய ஒரு டம்ளர் நீரில் கால் டீஸ்பூன் உப்புக் கரைத்து, காலை மாலை ஒத்தி எடுங்கள். விட்டுவைத்தால் அந்த வளையம் நிலைத்துவிடும். சிவந்து சீழ் வைத்தால் மருத்துவரிடம் போங்கள்.

கனமான தொங்கட்டான் இன்னொரு ஆபத்து. முன்பு குணுக்கு என்ற ஈய எடையைப் போட்டு இழுத்தபோது பாரம் முழுக்கக் கீழ்விளிம்பில் விழுந்தது; அது நூலாக மெலிந்து அறுந்த காதுகள் உண்டு. அதைவிடப் பனையோலைச் சுருளே மேல்! விரியும்போது சுற்றிலும் சமமாகத் தள்ளும்.

6 மி.மீ.க்குள் நிறுத்தினால் கழற்றிய சில மாதங்களில் துளை பெரும்பாலும் சுருங்கும். உறுதி சொல்ல முடியாது. அதற்கு மேல் போனவர்கள் பிளாஸ்டிக் சர்ஜனிடம்தான் போக வேண்டியிருக்கும். சோணையை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஓரத்தைச் சீவித் தைப்பார்கள்.