பெங்களூரில் பிள்ளையைக் கல்லூரிவரை படிக்க வைக்கும் செலவு: கணக்கைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள்

அல்சூரிலும் மர்பி டவுனிலும் ஸ்ரீராமபுரத்திலும் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளையின் படிப்புச் செலவைப் பற்றிய பேச்சு எல்.கே.ஜி. சேர்க்கையின்போது எழுகிறது, அந்த ஆண்டுக் கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்கியதும் அடங்கிவிடுகிறது. அடுத்த ஏப்ரலில் மறுபடியும் அதே கவலை. இப்படி ஒவ்வோர் ஆண்டையும் தனித்தனியாகச் சமாளித்துக்கொண்டு வந்தால், இரண்டாம் பி.யூ.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) முடிந்து பெரிய தொகை கேட்கும் வாசலில் நிற்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. நகை அடகுக்கும், ஊரிலிருக்கும் நிலம் விலைக்கும் போகும். இரண்டு பிள்ளைகளை இதே ஊரில் படிக்க வைத்த தகப்பனாக நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: கணக்கைக் கல்லூரியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். கல்லூரிக்கான சேமிப்பை ஒதுக்கிய பிறகு எஞ்சுவதுதான் பள்ளிக் கட்டணத்திற்கான பணம்.

முதலில் இன்றைய விலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொறியியல் படிப்பையே எடுத்துக்கொள்வோம். கர்நாடகத் தேர்வு ஆணையம் நடத்தும் சி.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வின் வழியாகத் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தால் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் ரூபாயில் முடிகிறது. அதே கல்லூரியில், அதே வகுப்பில், தனியார் கல்லூரிகளின் கூட்டமைப்பு நடத்தும் காமெட்-கே தேர்வின் வழியாகச் சேரும் பிள்ளைக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ப்பதற்கு இதைவிட மிக அதிகம். ஆக, நான்கு ஆண்டுகளுக்குக் குறைந்தது 4 லட்சம், சி.இ.டி. கைகொடுக்காவிட்டால் 10 லட்சம் என்று இன்றைய விலையில் எழுதிக்கொள்ளலாம்.

கட்டணம் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறும் என்று வைத்துக்கொண்டால், ஒன்பது ஆண்டுகளில் இரு மடங்காகிவிடும். இன்று நான்கு வயதாகும் பிள்ளை கல்லூரிக்குப் போகப் பதினான்கு ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குள் 10 லட்சம் என்பது ஏறத்தாழ 29 லட்சமாகவும், 4 லட்சம் என்பது ஏறத்தாழ 12 லட்சமாகவும் ஆகும். இந்த இரண்டு எண்களையும் ஒரு நோட்டில் எழுதி, எதிரே பிள்ளையின் பெயரையும் கல்லூரி சேரும் ஆண்டையும் குறித்து வையுங்கள். மற்ற எல்லா முடிவுகளும் இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் எடுக்கப்பட வேண்டும்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முறை

பள்ளி சொல்லும் கட்டணம் ஒன்று, நம் கையைவிட்டுப் போகும் பணம் வேறு. என் மகளுக்குப் பள்ளி தேடியபோது ஒரு பள்ளியில் ஆண்டுக் கட்டணம் 90,000 ரூபாய் என்றார்கள். வீட்டிற்கு வந்து எழுதிப் பார்த்தோம்: வேனுக்கு மாதம் 2,500 வீதம் பத்து மாதத்திற்கு 25,000, சீருடை, ஷூ, புத்தகம், நோட்டு, ஆண்டுவிழா உடை என்று 15,000. ஆக மொத்தம் 1,30,000 ரூபாய். வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருந்த, மாநிலப் பாடத்திட்டப் பள்ளியில் எல்லாம் சேர்த்து 70,000 ரூபாய். வித்தியாசம் ஆண்டுக்கு 60,000, அதாவது மாதம் 5,000 ரூபாய். இந்த 5,000 ரூபாயை எல்.கே.ஜி. முதல் இரண்டாம் பி.யூ.சி. வரையிலான பதினான்கு ஆண்டுகளும் மாதந்தவறாமல் முதலீடு செய்து, அது ஆண்டுக்குச் சராசரியாக 10 சதவீதம் வளர்ந்தால், முடிவில் சுமார் 18 லட்சம் ரூபாய் சேரும். பிள்ளைக்குச் சி.இ.டி. இடம் கிடைத்தால் அந்தத் தொகை தாராளமாகப் போதும். காமெட்-கே இடம் என்றால் பாதிக்கு மேல் தாங்கும்.

விலை உயர்ந்த பள்ளி எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. பேச்சிலோ கேட்டலிலோ குறையுள்ள பிள்ளைக்குச் சிறப்பாசிரியர் இருக்கும் பள்ளி கட்டாயம் வேண்டும். ஆனால் எதிர்வீட்டுப் பிள்ளை போகிறது என்பதற்காகத் தரும் 60,000 ரூபாய், கல்லூரிப் பணத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது என்பதை உணர்ந்தே கொடுக்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்களும் ராணுவத்தில் இருப்பவர்களும் கேந்திரிய வித்யாலயாவை முதலில் பார்க்கலாம். எட்டாம் வகுப்புவரை அங்கே பயிற்றுக் கட்டணம் கிடையாது, வளர்ச்சி நிதியாக மாதம் 500 ரூபாயும், மூன்றாம் வகுப்பிலிருந்து கணினிக் கட்டணமாக மாதம் 100 ரூபாயும்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டை நம்பி இருக்க வேண்டாம். அருகில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளிகள் அந்த இடங்களைத் தர வேண்டியதில்லை என்று 2019 சேர்க்கை முதல் கர்நாடகத்தில் விதி மாறிவிட்டது. பாடப் புத்தகங்களுக்கு அவென்யூ சாலைப் பழைய புத்தகக் கடைகள் இன்றும் உதவுகின்றன.

பணத்தைச் சேர்க்கும் இடம்

சேமிப்புக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சம்பாதிக்கும் பெற்றோரின் பெயரில் டேர்ம் காப்பீடு (காப்பீட்டுக் காலத்தில் உயிரிழந்தால் மட்டும் குடும்பத்துக்குத் தொகை தருவது) எடுத்துவிடுங்கள். குழந்தையின் பெயரில் விற்கப்படும், காப்பீட்டையும் சேமிப்பையும் சேர்த்துக் கட்டிய பாலிசிகள் எனக்கு உடன்பாடில்லாதவை. அவற்றில் காப்பீட்டுத் தொகையும் சிறியது, வளர்ச்சியும் குறைவு. பாதுகாக்கப்பட வேண்டியது சம்பாதிப்பவரின் உயிர்.

பெண் குழந்தைக்குப் பத்து வயது நிரம்புவதற்குள் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்கலாம். 2015இல் வந்த இந்தத் திட்டத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம் கட்டலாம். பதினைந்து ஆண்டுகள் கட்டினால் போதும். 2024 ஜனவரியில் வட்டி 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்டது. காலாண்டுதோறும் அரசு இதை மறுபரிசீலனை செய்யும். மாதம் 1,000 ரூபாய் வீதம் கட்டும் 1.8 லட்சம், இதே வட்டி நீடித்தால் முதிர்வில் சுமார் 5.5 லட்சமாகும். பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் செய்தி இது: மகளுக்கு 21 வயதாகும்போது கணக்கு முதிர்வதில்லை, கணக்குத் தொடங்கி 21 ஆண்டுகள் ஆனபின்தான் முதிர்கிறது. ஏழு வயதில் தொடங்கினால் முழுப் பணமும் வர அவளுக்கு 28 வயதாகிவிடும். கல்லூரிக்கென்று இடையில் எடுக்க முடிவது, முந்தைய ஆண்டு முடிவில் இருந்த தொகையில் பாதிவரை மட்டுமே. ஆகையால் பிறந்த ஆண்டே தொடங்கிவிடுவது நல்லது. மாதந்தோறும் 5ஆம் தேதிக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் அந்த மாத வட்டியும் சேரும்.

மகனாக இருந்தால் 15 ஆண்டுப் பொது வருங்கால வைப்பு நிதி இருக்கிறது. நீண்ட காலம் இருப்பதால் ஒரு பகுதியைப் பங்குச் சந்தை சார்ந்த பரஸ்பர நிதியில், மாதந்தோறும் ஒரு தொகை கட்டும் எஸ்.ஐ.பி. முறையில் போடலாம், ஆனால் அங்கே 10 சதவீதத்திற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பிள்ளை ஒன்பதாம் வகுப்பு முடித்ததும் அந்தப் பணத்தைச் சிறிது சிறிதாக எடுத்து வங்கி வைப்புக்கு மாற்றத் தொடங்கிவிட வேண்டும். கல்லூரி சேரும் மாதத்தில் சந்தை சரிந்திருந்தால் காத்திருக்க நேரம் இருக்காது. சீட்டுப் போடுபவர்கள், 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவான சீட்டா என்று சான்றைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். தெருவில் நடக்கும் சீட்டில் கல்லூரிப் பணத்தை வைக்காதீர்கள்.

பணத்துக்கு நிகரான காகிதங்கள்

நம்மவர்கள் அதிகமாக இழப்பது இந்த இடத்தில்தான். சி.இ.டி. இடத்திற்கும் காமெட்-கே இடத்திற்கும் உள்ள வித்தியாசம் இன்றைய விலையிலேயே பல லட்சம் என்று பார்த்தோம். அந்த இடத்தைப் பெற மதிப்பெண் மட்டும் போதாது, தகுதியும் வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பொருந்தும் விதிப்படி, முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக்குள் குறைந்தது ஏழு ஆண்டுகள் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும். அதோடு பத்தாம் வகுப்பையோ பன்னிரண்டாம் வகுப்பையோ இங்கே தேறியிருக்க வேண்டும். தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்விலோ, எட்டு முதல் பன்னிரண்டுவரை அங்கே படித்தவர்களுக்குப் பிறப்பிடச் சான்று தேவையில்லை. வெளிமாநிலத்தில் படித்தவர்கள், தாங்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் என்று அந்தச் சான்றைக் காட்ட வேண்டும்.

என் உறவினர் ஒருவர் தம் மகளை எட்டாம் வகுப்புவரை இங்கே படிக்க வைத்துவிட்டு, நல்ல மதிப்பெண் வரும் என்று நம்பி ஒன்பதாம் வகுப்பில் தமிழ்நாட்டு விடுதிப் பள்ளியில் சேர்த்தார். மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் பத்தும் பன்னிரண்டும் கர்நாடகத்தில் தேறாததால் ஏழாண்டு விதியில் இங்கே இடமில்லை. எட்டாம் வகுப்பு அங்கே படிக்காததால் பிறப்பிடச் சான்று இல்லாமல் அங்கேயும் இடமில்லை. ஒரே ஒரு வகுப்புத்தான் குறுக்கே நின்றது. தாத்தாவின் பழைய வீட்டு வரி ரசீது, தகப்பனாருடைய பள்ளி மாற்றுச் சான்றிதழ் என்று தேடியெடுத்து, கலந்தாய்வு நெருங்கும் நேரத்தில் தாலுகா அலுவலகத்திற்கு நடையாய் நடந்து அந்தச் சான்றை வாங்கினார்கள். அந்த மூன்று வாரமும் அந்தப் பெண் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகையால் ஏழாம் வகுப்பு முடிவதற்குள், உங்கள் பிள்ளை எந்த மாநிலத்துக் கணக்கில் வரப்போகிறது என்பதை முடிவு செய்துவிடுங்கள். பிள்ளை மாறிய ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் படிப்புச் சான்றிதழை அப்போதே வாங்கி வையுங்கள். சிறிய பள்ளிகள் மூடிவிட்டால் பிறகு யாரிடம் கேட்பது? தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழைக் காட்டிக் கர்நாடக அரசின் இட ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு தரும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் பெங்களூர் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குக் கிடைக்காது.

அதே வேளையில், இங்கே இருப்பதால் கிடைப்பவற்றைக் கேட்காமல் விடக் கூடாது. குடும்ப வருமானம் 8 லட்சத்திற்குள் இருந்தால் சி.இ.டி. விண்ணப்பத்திலேயே எஸ்.என்.க்யூ. எனப்படும் கூடுதல் இடங்களைக் கோரலாம். அந்த 5 சதவீத இடங்களுக்குப் பயிற்றுக் கட்டணம் தள்ளுபடி. அதற்கு நாடகச்சேரி எனப்படும் கர்நாடக வருவாய்த் துறை அலுவலகத்தில் வாங்கிய, ஆர்.டி. எண் (சான்றிதழின் பதிவெண்) உள்ள வருமானச் சான்றிதழ் முன்பே கையில் இருக்க வேண்டும். பொறியியலோ டிப்ளமோவோ சேரும் பெண்களுக்கு, அதே வருமான வரம்பில், ஏ.ஐ.சி.டி.இ. எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள்வரை பெறலாம். கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை இருந்தால், 2023 ஜூன் 11 முதல் நடக்கும் சக்தி திட்டத்தில் மகள் சாதாரண அரசுப் பேருந்தில் கட்டணமின்றிக் கல்லூரிக்குப் போய்வரலாம். பணம் மிகவும் நெருக்கடியாக இருந்தால், எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பிறகு மூன்றாண்டு டிப்ளமோ படித்து, டிப்ளமோ முடித்தவர்களுக்கான டி.சி.இ.டி. நுழைவுத் தேர்வு எழுதி நேரே பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் உண்டு. அது மட்டமான வழி என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

கடன் வாங்கும்போது

சேமிப்பு போதாத இடத்தில் கல்விக்கடன் வாங்குவதில் தவறில்லை. தங்கள் முதுமைக்கு வைத்திருக்கும் பணத்தைப் பெற்றோர் உடைப்பதைவிட அது மேல். பொதுவாக 7.5 லட்சம் ரூபாய்வரை வீட்டுப் பத்திரம் போன்ற ஈடு கேட்பதில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், குடும்ப வருமானம் 8 லட்சத்திற்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு, படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு மட்டுமே இது பொருந்தும் என்பதால், கல்லூரியை முடிவு செய்வதற்கு முன்பே பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் பிள்ளையை அருகில் உட்கார வைத்து ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஆண்டுக்கு 1.5 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் 6 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் தவணை தொடங்கும், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். முதல் ஆண்டுத் தொகைக்கு ஐந்தாண்டு வட்டி 75,000, அடுத்ததற்கு 60,000, பிறகு 45,000, கடைசியாக 30,000, ஆக 2,10,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 8,10,000 ஆகியிருக்கும், பத்தாண்டுத் தவணை மாதம் சுமார் 10,700 ரூபாய். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் பெற்றோர் வட்டியை மட்டும் கட்டி வந்தால் தவணை சுமார் 7,900 ரூபாயாகக் குறையும். அப்படிக் கட்டுபவர்களுக்கு வட்டியில் 1 சதவீதம் சலுகை தரும் வங்கிகளும் உண்டு. முதல் ஆண்டில் அந்த வட்டி மாதம் 1,250 ரூபாய், நான்காம் ஆண்டில் 5,000. பள்ளிக் காலம் முழுவதும் மாதம் 5,000 ஒதுக்கிப் பழகிய குடும்பம் அதைக் கட்டிவிடும்.