குடியை நிறுத்த வைக்கும்போது வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

என் சித்தப்பா செல்லூரில் விசைத்தறி ஓட்டியவர். இருபது வருடக் குடி. கடைசி நாலைந்து வருடம், விடிந்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும். ஒரு கார்த்திகை முதல் தேதி அவரை மாலை போட வைத்தோம். சாமிக்குப் பயந்து ஒரு மண்டலம் தொடமாட்டார், அதற்குள் பழக்கம் விட்டுப்போகும் என்பது வீட்டாரின் கணக்கு.

மூன்றாம் நாள் ராத்திரி சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, இல்லாத நூலை இரண்டு விரலால் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அறுந்த இழையை எடுப்பார், முடிவார், அடுத்ததைத் தேடுவார். உடம்பு கொதித்தது, வேட்டியெல்லாம் வியர்வை. "சாமி குத்தம்" என்றார்கள். கோடாங்கியைக் கூட்டிவர ஆள் போனது.

அது சாமி குத்தமும் இல்லை, பேயும் இல்லை. மது மூளையை அமுக்கும். தினமும் நிறையக் குடிப்பவரின் மூளை அந்த அமுக்கத்துக்கு ஈடுகொடுக்கத் தன்னை முடுக்கியே வைத்திருக்கும். மது சட்டென்று நின்றால் முடுக்கம் மட்டும் மிஞ்சும். சுமார் 6 மணி நேரத்தில் நடுக்கமும் வாந்தியும் தொடங்கலாம், முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம், 2 முதல் 4 நாளுக்குள் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற கடும் மனக்குழப்பம் வரலாம். பூச்சி ஊர்வது போலத் தெரியும். செய்து பழகிய தொழிலைக் கை தானாகச் செய்துகாட்டும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும்.

அதனால் தினமும் குடிப்பவரை, அதுவும் காலையிலேயே கை நடுங்குபவரை, மாலை போட்டோ கயிறு கட்டியோ அறையில் பூட்டியோ ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். கோவிலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மாலை போடுங்கள். எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததா, இந்த மூன்றையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பக்கத்து கிளினிக்கில் "தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. நாள்பட்டுக் குடிப்பவர்களில் பலருக்குத் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைப் பாதிப்பு முற்றலாம்.

அடுத்தது, குழம்பில் கலக்கும் மாத்திரை. "அவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்" என்று யாராவது ஒரு பொடியோ மாத்திரையோ தருவார்கள். பல நேரம் அது டைசல்பிராம். மது உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, அப்புறம் இன்னொரு நொதியால் கரைந்துபோகிறது. டைசல்பிராம் அந்த நொதியை முடக்கிவிடும். நச்சு தேங்கும், முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் விழும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட, குடித்தால் இது நடக்கலாம். தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுபவருக்கு அது காவல். தெரியாதவருக்கு அது விஷம். வீட்டுச் சோற்றின் மேல் ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் எந்தச் சிகிச்சைக்கு அவரைக் கூப்பிட முடியும்?

கிழக்காசிய மக்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இதே நொதி பிறவியிலேயே மந்தம். ஏஎல்டிஎச்2 மரபணுவில் உள்ள மாற்றம் காரணம். குடித்தால் முகம் சிவந்து ஒத்துக்கொள்ளாது, ஆகவே அவர்களிடம் குடிநோயும் குறைவு. இப்படி மரபணு காப்பாற்றுவதும் உண்டு, இழுத்து விடுவதும் உண்டு. 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்ட் குட்வின் டென்மார்க்கில் தத்துப்போன ஆண் பிள்ளைகளை ஆராய்ந்தார். பெற்றவர் குடிநோயாளியாக இருந்தால், வேறு வீட்டில் வளர்ந்தும் அந்தப் பிள்ளைகள் குடிநோயாளியாவது மற்ற தத்துப் பிள்ளைகளைவிடச் சுமார் நான்கு மடங்கு. ஆனால் அவர்களிலும் பெரும்பாலோர் ஆகவில்லை. 1990-ல், மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருளை ஏற்கும் ஏற்பிக்கான ஒரு மரபணுவைக் 'குடி மரபணு' என்று பத்திரிகைகள் கொண்டாடின. பின்னால் வந்த பல ஆய்வுகளில் அது நிற்கவில்லை. பல மரபணுக்கள் சேர்ந்து ஏறக்குறையப் பாதிப் பங்கு, மீதி வளர்ப்பும் சூழலும். "அப்பன் ரத்தம், திருந்தாது" என்று பிள்ளையைக் கைகழுவுவது தவறு என்பதற்கு இதுவே போதும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். "எவ்வளவு அடிச்சாலும் அசையமாட்டான்" என்று கல்யாண வீட்டில் பெருமை பேசுகிறோமே, அது நல்ல சகுனம் இல்லை. போதை எளிதில் ஏறாத இளைஞர்கள்தான் பிற்காலத்தில் குடிநோயில் விழும் ஆபத்து அதிகம் என்று அமெரிக்க மனநல மருத்துவர் மார்க் ஷுக்கிட்டின் நீண்டகால ஆய்வுகள் காட்டின.

கல்யாணம் செய்து வைத்தால் திருந்துவான் என்பதைப் பற்றிப் பேசவே எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்?

கடைசியாக, மறுபடி குடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று நினைப்பது. குடிநோயும் சர்க்கரை போல நீண்ட நோய். ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் மாத்திரைகள் உண்டு. கலந்தாலோசனை உண்டு, 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரனில் தொடங்கிய ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் கூட்டங்கள் உண்டு. ஒன்று ஒத்துவராவிட்டால் இன்னொன்று. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யலாம்.

அன்று ராத்திரி கோடாங்கி வருவதற்குள் சித்தி ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சித்தப்பா பிழைத்தார். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று மறுபடி குடித்துவிட்டார். மறுநாள் காலையில் சித்தி அவரை அதே ஓபி வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார். டாக்டர் திட்டவில்லை. "எத்தனை நாள் குடிக்காம இருந்தீங்க?" என்று கேட்டார். ஐந்து மாதம் என்றார் சித்தப்பா, தலையைக் குனிந்தபடி. டாக்டர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார்.