பாடத்தைத் திறக்கும் முன் பிள்ளையைப் பாருங்கள்

ஞாயிறு பள்ளியில் புதிதாக வகுப்பு எடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இவ்வளவு பாடத்தை அந்த நேரத்துக்குள் எப்படி முடிப்பது?" என்றுதான். நானும் பல வருடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். பாடம் முடிந்துவிடும், ஜெபம் பண்ணி அனுப்பிவிடுவேன், பின் வரிசையில் இருந்த பையன் அன்று வாயே திறக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைக்கும்.

மாற்கு 10-ஆம் அதிகாரத்தில் ஒருவன் ஓடிவந்து, நித்திய ஜீவனுக்கு என்ன செய்யவேண்டும் என்று இயேசுவிடம் கேட்கிறான். அவனுக்குக் கிடைத்த பதில் கடினமானது, முகம் வாடித் திரும்பிப் போகிறான். ஆனால் அந்தப் பதிலுக்கு முன்னால் 21-ஆம் வசனம் எப்படித் தொடங்குகிறது பாருங்கள்: "இயேசு அவனைப் பார்த்து, அவனிடத்தில் அன்புகூர்ந்து". முதலில் பார்த்தார், அன்புகூர்ந்தார், அப்புறம்தான் சொல்லவேண்டியதைச் சொன்னார். நாமோ நேராகச் சொல்வதற்குப் போய்விடுகிறோம்.

அதனால் வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய் வாசலில் நில்லுங்கள். போனை உள்ளே வைத்துவிடுங்கள். வருகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், மரத்தின் மேல் இருந்த சகேயுவை இயேசு அப்படித்தானே கூப்பிட்டார். போன வாரம் "திங்கட்கிழமை பரீட்சை" என்று சொன்ன பிள்ளையிடம் அது எப்படிப் போனது என்று கேட்டாலே போதும். இதெல்லாம் எனக்கு நினைவில் நிற்காது, அதனால் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். வகுப்பு முடிந்ததும் இரண்டு மூன்று பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொரு வரி எழுதிவைத்து, வார நடுவில் அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஜெபிப்பேன்.

வாசிக்கச் சொல்லும் விஷயத்தில் நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். வரிசைப்படி ஆளுக்கு ஒரு வசனம் என்று வாசிக்கவைப்பேன். ஒரு பையன் தன் முறை வரும்போதெல்லாம் தொண்டை வலி என்பான். மூன்றாவது வாரம் கவனித்தேன், முறை நெருங்க நெருங்க அவன் விரல் பக்கத்தின் ஓரத்தை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தது. அவனுக்குச் சரளமாக வாசிக்க வராது. வலி தொண்டையில் இல்லை. அன்றிலிருந்து, விருப்பப்பட்டவர்கள் வாசிக்கலாம் என்று மாற்றினேன், அவனிடம் மட்டும் அடுத்த வாரத்துக்கான ஒரே ஒரு வசனத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தேன். அவன் வாசித்தான்.

கேள்வி கேட்டால் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் காட்டியது இது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள், அதை 3 நொடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளுகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். அந்த 3 நொடி வகுப்பில் நிற்கும்போது மூன்று நிமிடம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உயிர்த்தெழுந்த இயேசு, எம்மா ஊருக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு சீஷரோடு சேர்ந்து நடந்தபோது, எருசலேமில் நடந்ததெல்லாம் தெரிந்திருந்தும் "எவைகள்" என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நடந்தார்.

சில கேள்விகள் பிள்ளைகளிடமிருந்து வரும். "பாட்டிக்காக ஜெபம் பண்ணினோமே, ஏன் செத்துப்போனாங்க?" இதற்கு வசனத்தைத் தேடி ஓடாதீர்கள், "அப்படியெல்லாம் கேட்கக்கூடாது" என்று வாயை அடைத்தும் விடாதீர்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். அந்தப் பாட்டி எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள், அன்றைய பாடம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை.

சேட்டை செய்கிற பிள்ளையை எல்லார் முன்னாலும் திட்டவேண்டாம். பக்கத்தில் போய் நின்றாலே பாதி அடங்கும், மீதியை வகுப்பு முடிந்ததும் தனியாகப் பேசுங்கள். தனியாக என்றால் கதவை மூடிக்கொண்டு அல்ல, மற்ற பெரியவர்கள் பார்க்கிற இடத்தில். இதில் விதிவிலக்கே கிடையாது. மனப்பாட வசனப் போட்டிக்குப் பரிசு கொடுப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, எப்போதும் அதே இரண்டு பேர்தான் வாங்குவார்கள்.

வராத பிள்ளையை விசாரிக்கும்போது பெற்றோரின் போனுக்கே கூப்பிடுங்கள். "ஏன் அனுப்பவில்லை?" என்று ஆரம்பித்தால் அவர்கள் சாக்குச் சொல்லத்தான் தேடுவார்கள். "இன்றைக்கு நோவா கதை, மிருகங்கள் மாதிரி சத்தம் போட உங்கள் பையன் இல்லாமல் போய்விட்டான், கொஞ்சம் அவனிடம் போனைக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.