ஜிப்சியின் ஸ்டீரிங் ஆட்டத்துக்கு ஒரு ஸ்பிரிங் தராசு

சேலத்திலிருந்து ஓமலூர் போகும் சாலையில் முள் 60-ஐத் தொடும் நேரத்தில், ஏதாவது ஒரு பாலத்தின் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கினால் போதும். ஸ்டீரிங்குக்குச் சாமி வந்துவிடும். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாலும் நிற்காது. வேகம் 30-க்கு இறங்கினால்தான் அடங்கும். அதே வண்டி ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வாயே திறக்காது. அங்கே யார் 60-ல் போகிறார்கள்?

வண்டி 2004 மாடல் மாருதி ஜிப்சி கிங். மலைமேல் ஒரு காபி எஸ்டேட்டில் உரமூட்டையும் மிளகு மூட்டையும் சுமந்துவிட்டு என்னிடம் வந்தது. ஆட்டத்தை நிறுத்த நான்கு டயர் மாற்றினேன், வீல் பேலன்சிங் செய்தேன், ஸ்டீரிங் டேம்பர் புதிதாகப் போட்டேன், கம்ப்யூட்டர் அலைன்மென்ட் இரண்டு முறை பார்த்தேன். இதில் அலைன்மென்ட் காசுதான் இன்னும் வயிற்றெரிச்சல். ஜிப்சிக்கு முன்னால் இருப்பது ஒரே நீள ஆக்ஸில். அதில் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, மட்டும்தான் திருத்த முடியும். கேம்பர், காஸ்டர் என்ற மற்றச் சாய்வுகள் எல்லாம் திரையில் தெரியும், திருப்புவதற்குத்தான் ஒன்றும் கிடையாது.

கோளாறு கிங்பின் பேரிங்கில் இருந்தது. ஸ்டீரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் இரும்புக் கூடு நக்கிள். அது திரும்புவதற்கு மேலும் கீழும் இருக்கும் அச்சாணிதான் கிங்பின். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், 31 இஞ்ச் டயர் என்று கனவோடு பழைய ஜிப்சி வாங்கியவர்கள் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். தளர்ந்த கிங்பின் மேல் பெரிய டயரை மாட்டினால் ஆட்டம் இன்னும் கூடும்.

முதலில் சோதனை. முன் ஆக்ஸிலுக்கு ஜாக்கி கொடுத்து, சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்து 12 மணியிலும் 6 மணியிலும் பிடித்து உள்ளேயும் வெளியேயும் ஆட்டுங்கள். ‘டொக் டொக்’ என்றால் எங்கோ லூசு. இப்போது வீட்டில் யாரையாவது பிரேக்கை அழுத்தி உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். சத்தம் நின்றுவிட்டால் வீல் பேரிங். பிரேக்கை மிதித்தும் ஆடினால் கிங்பின். எனக்கு என் அம்மாதான் பிரேக்கை மிதித்தார், “இதுக்கா நாலு டயர் வாங்குன?” என்ற கேள்வியோடு.

கழற்றுவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பின் சக்கரத்துக்குக் கல், ஆக்ஸில் குழாய்க்கு அடியில் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். பிரேக் கேலிப்பரைக் கழற்றி ஸ்பிரிங் பட்டையில் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக்கூடாது. லாக்கிங் ஹப்பை ‘ஃப்ரீ’யில் திருப்பி வைத்துவிட்டு மூடியைக் கழற்றினால் உள்ளே ஆக்ஸில் முனையில் ஒரு சர்க்ளிப். அப்புறம் ஹப் நட், மடித்துவிட்ட வாஷர். இந்த நட்டைப் பல பட்டறைகளில் உளியை வைத்துத் தட்டித்தான் திருப்புகிறார்கள். என் வண்டியின் நட்டில் உளிக்காயம் பல் பல்லாக இருந்தது. சரியான சாக்கெட் ஒன்று வாங்கிவிடுங்கள். வண்டி உள்ளவரை உதவும். ஹப், ஸ்பிண்டில் வந்த பிறகு ஆக்ஸில் ஷாஃப்டை வெளியே இழுக்கலாம். டிஃபரன்ஷியல் ஆயில் கொஞ்சம் கூடவே வரும், கீழே ஒரு தட்டு வையுங்கள். டை ராடு, டிராக் ராடு முனைகளையும் நக்கிளிலிருந்து விடுவித்துவிடுங்கள்.

இனிமேல் நிதானம். நக்கிளுக்குப் பின்னால் வட்டமாக இருக்கும் போல்ட்டுகளைக் கழற்றினால் சீல் வைத்திருக்கும் தகடு, ஃபெல்ட், ரப்பர் சீல் மூன்றும் பின்னால் தள்ளிக்கொள்ளும். மேலே ஒரு கிங்பின், கீழே ஒரு கிங்பின். இரண்டுக்கும் அடியில் பேப்பர் கனத்தில் ஷிம் தகடுகள் இருக்கும். மேல், கீழ், இடது, வலது என்று எழுதி நான்கு கவரில் போட்டு வையுங்கள். கீழ்க் கிங்பின்னை எடுக்கும்போது ஒரு கை நக்கிளுக்கு அடியில் இருக்கட்டும். பேரிங் நேராக மண்ணில்தான் விழும்.

என் வண்டியில் உள்ளே கிரீஸே இல்லை. செம்மண் நிறத்தில் ஒரு குழம்பு. பேரிங்கின் வெளி வளையத்தில் ரோலர் உட்கார்ந்த இடமெல்லாம் வரிவரியாகப் பள்ளம். ஸ்டீரிங் நேராக இருக்கும்போது ரோலர்கள் அந்தப் பள்ளங்களில்தான் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் நேர்ச்சாலையில் வண்டி சொன்ன பேச்சுக் கேட்காமல் ஆடியது. பழைய வளையத்தைப் பித்தளைக் கம்பி வைத்துத் தட்டி எடுங்கள். புதியதை இறக்க அந்தப் பழைய வளையத்தையே மேலே வைத்துத் தட்டலாம். பேரிங் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய், அதில் பொறித்த எண்ணைக் காட்டி, நல்ல கம்பெனி பேரிங்காகக் கேளுங்கள். பெட்டியில்லாமல் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வரும் மலிவுப் பேரிங்கை வாங்குவதைவிட பழையதோடே ஓட்டலாம்.

இப்போது நான் வழுக்கிய இடம். கிங்பின் பேரிங் டேப்பர் ரோலர், அதாவது கூம்பு உருளைகள் கொண்டது. ஷிம்மைக் குறைத்தால் இறுகும், கூட்டினால் தளரும். எவ்வளவு இறுக்கம்? டை ராடு மாட்டும் ஓட்டையில் ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி, அந்த ஓட்டை இருக்கும் நக்கிள் ஆர்முக்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும். நக்கிள் நகரத் தொடங்கும்போது தராசு 1-லிருந்து 1.8 கிலோவுக்குள் காட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் சிரித்தார்: “தராசு எதுக்குங்க தம்பி, கை சொல்லும்.” முப்பது வருஷம் செய்த அவர் கை சொல்லும். என் கை எதுவும் சொல்லவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தராசு வாங்கினேன்.

முதல் முறை இழுத்தபோது 3 கிலோவுக்கு மேல் காட்டியது. ரொம்ப இறுக்கம் என்று ஒரு ஷிம் சேர்த்தேன், இன்னொன்றும் சேர்த்தேன், 1.5-க்கு வந்தது. எல்லாம் மாட்டி ஓமலூர் ரோட்டுக்கு ஓட்டினால், அதே பாலம், அதே ஆட்டம். புது பேரிங், புது கிரீஸ், பழைய சாமி.

செய்த தப்பு என்னவென்றால், ரப்பர் சீலை மாட்டிவிட்டு நிறுத்துப் பார்த்தேன். ஆக்ஸில் குழாயின் முனையில் இருக்கும் உருண்டையைச் சீல் கவ்விப் பிடிப்பதால் நகர்த்துவதற்கே தனியாக ஒரு கிலோவுக்கு மேல் கேட்கும். அந்தப் பிடிப்பைப் பேரிங்கின் இறுக்கம் என்று எண்ணி நான் பேரிங்கைத் தளர்த்திவிட்டேன். அந்த 1 முதல் 1.8 கிலோ என்பது சீல் இல்லாமல், ஆக்ஸில் ஷாஃப்ட் இல்லாமல், டை ராடு இல்லாமல், வெறும் நக்கிளுக்கான கணக்கு. மறுபடி பிரித்து, சேர்த்த ஷிம் இரண்டையும் எடுத்து, சீலைப் பின்னால் தள்ளி வைத்து இழுத்தேன். இடது பக்கம் 1.4, வலது பக்கம் 1.6. முள் அசையாமல் இருந்து, திடீரென்று நக்கிள் வழுக்கி நகரும். அந்த வழுக்கலைப் பார்த்த பிறகுதான் ‘கை சொல்லும்’ என்பது எதை என்று எனக்குப் புரிந்தது.

தராசு பற்றி ஒன்று. பழைய பேப்பர்காரர் வைத்திருக்கும் 50 கிலோ தராசு இதற்கு ஆகாது. அதில் ஒன்றரைக் கிலோ ஒரு மயிரிழை. 5 அல்லது 10 கிலோ தராசு போதும். லக்கேஜ் எடை பார்க்கும் டிஜிட்டலும் இருக்கிறது, எனக்குப் பிடிக்காது. வெடுக்கென்று இழுத்தால் அதிகபட்ச எண்ணில் பூட்டிக்கொள்ளும், முள் மாதிரி நிதானமாகப் பேசாது.

சீலை மாட்டுமுன் அந்த உருண்டையைப் பாருங்கள். துருப் புள்ளிகள் இருந்தால் 400 எமரித் தாளில் எண்ணெய் விட்டுத் தேயுங்கள், இல்லையென்றால் புதுச் சீல் ஆறு மாதம் தாங்காது. ஆக்ஸில் குழாயின் முனையில் உள்ளே இன்னொரு சின்ன ஆயில் சீல் உண்டு. இவ்வளவு பிரித்தபின் அதை மாற்றாமல் விடாதீர்கள். என் நக்கிளில் கிரீஸ் குழம்பானதற்கு அதுதான் காரணம்: டிஃபரன்ஷியல் ஆயில் கசிந்து கிரீஸைக் கரைத்துவிட்டது. ஷாஃப்டின் முனை ஜாயின்ட்டுக்கு மாலிப்டினம் கலந்த கருப்பு கிரீஸ், வீல் பேரிங்குக்கு லித்தியம் கிரீஸ். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை ஏற்றுங்கள். மாட்டுவது கழற்றியதன் தலைகீழ். ஹப் வாஷரை மடிக்க மறக்காதீர்கள்.

இதை எழுதிய பிறகு வந்த கேள்விகளுக்காகச் சில வரிகள்.

“பிரிக்காமல், ரப்பர் சீலை ஓரிடத்தில் வெட்டி உருண்டையைச் சுற்றி மாட்டலாமா?” என்று ஒருவர் கேட்டார். அவசரத்துக்கு மாட்டலாம், வெட்டு மேல் பக்கம் வரட்டும். ஓடையில் இறக்கும் வண்டிக்கு நான் செய்யமாட்டேன்.

தராசுக் கணக்கு சரியாக வந்தும் ஆட்டம் நிற்கவில்லை என்றார் ஆத்தூர்க்காரர் ஒருவர். ஸ்பிரிங் பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் ரப்பர் புஷ்ஷைப் பார்க்கச் சொன்னேன். ரப்பர் இருந்த இடத்தில் காற்றுதான் இருந்ததாம்.

லிஃப்ட், பெரிய டயர் பற்றி மூன்று பேர். கம்பெனி பதிவுசெய்த அமைப்பை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது. 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு மறுபதிவு என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியவர்கள் நாம். நான் செய்த ஒரே மாற்றம் யார் கண்ணுக்கும் தெரியாதது, அது ஆக்ஸிலின் காற்றுப்போக்கியான பிரீதரில்.

நாகலூர் பக்கத்து எஸ்டேட் நண்பர் ஒருவருக்கு ஆக்ஸில் சீல் மாற்றி மூன்றே மாதத்தில் மறுபடி கசிவு. ஆக்ஸில் மேல் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பிரீதர் இருக்கும். அதைச் செம்மண் அடைத்திருந்தது. ஓட ஓட உள்ளே சூடேறும், காற்று வெளியே போக வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். அதே சூட்டோடு ஓடையில் இறக்கினால் சட்டென்று குளிர்ந்து தண்ணீரை உள்ளே உறிஞ்சும். பிரீதரைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு நிப்பிள் போட்டு, பெட்ரோல் ஹோஸ் ஒன்றை பானெட்டுக்குள் பேட்டரி உயரத்துக்கு ஏற்றி, முனையைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டிவிடுங்கள். ஆக்ஸில் ஏறி இறங்குவதற்குக் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும். ஹோஸ் போடுமுன் அடிப் பிளக்கைத் திறந்து ஆயிலைப் பாருங்கள். நண்பருடையது பால் காபி நிறத்தில் வந்தது. ஆயிலை இரண்டு முறை மாற்றிய பிறகுதான் தெளிந்தது.