திறப்பு விழாவுக்குப் பிறகு அடிபம்புக்கு என்ன ஆகிறது?

சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளின் அடிபம்புகளைப் பற்றி 2009-இல் ஒரு கணக்கு தொகுத்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒன்று வேலை செய்யாமல் நின்றிருந்தது. ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டு, பம்பு மாட்டி, திறப்பு விழா நடத்தியதும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவதைத்தான் முதல் தவறு என்பேன்.

ஆப்பிரிக்க நாடான மலாவியை எடுத்துக்கொள்வோம். அங்கே பரவலாக இருப்பது அஃப்ரிடெவ் பம்பு. ஊர்க்காரர்களே பழுது பார்க்கும்படி வடிவமைத்தது. ஒரு ஸ்பானர் இருந்தால் தலைப்பகுதியைத் திறந்துவிடலாம். உள்ளே இருக்கும் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கொக்கி கழற்றி மேலே எடுத்தால், தண்ணீரைத் தூக்கும் பிஸ்டனும் கூடவே வந்துவிடும். குழாயைத் தொடவே வேண்டாம். பிஸ்டனில் உள்ள சீல் (தண்ணீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) தேய்ந்தால், கைப்பிடியைப் பல தடவை அடித்த பிறகுதான் தண்ணீர் எட்டிப்பார்க்கும். அப்போதே மாற்றிவிட வேண்டும். ஆனால் சீல் விற்கும் கடை எங்கோ டவுனில் இருக்கும், ஊர்க் குழுவிடம் காசு இருக்காது. பம்பு நின்ற பிறகு வீடு வீடாக வசூலுக்குப் போனால், அது தானியம் தீர்ந்துபோன ஜனவரியாக இருந்தால், யார் கொடுப்பார்கள்? மக்காச்சோளம் அறுவடையாகும் ஏப்ரல், மே மாதங்களிலேயே வசூலித்து, ஒரு செட் சீலை ஊரில் வாங்கி வைத்துவிட வேண்டும்.

போர் போடும் மாதத்தையும் கவனிக்க வேண்டும். மழை முடிந்த கையோடு போட்டால் தண்ணீர் மேலேயே கிடைக்கும். போதும் என்று அங்கேயே நிறுத்தினால், அங்கே வறண்ட பருவம் முடியும் அக்டோபரில் வறண்டுவிடும்.

அடுத்து, பார்க்க அழகாக இருக்கிறது என்று ஒரு கருவியைத் தேர்ந்தெடுப்பது. குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறும் பிளேபம்புக்கு 2006-இல் பெரும் பணம் அறிவிக்கப்பட்டது. சாதாரண அடிபம்பைவிடப் பல மடங்கு விலை. குழந்தைகள் இல்லாத நேரத்தில் பெண்கள்தான் குனிந்து அந்தச் சக்கரத்தைத் தள்ள வேண்டியிருந்தது. தண்ணீர் எடுக்கும் பெண்களை முதலிலேயே கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும்.

நம் ஊர்த் தெருமுனைகளில் பார்த்த இந்தியா மார்க் 2 ஆப்பிரிக்காவிலும் நிறைய உண்டு. நல்ல பம்புதான். ஆனால் நிலத்தடி நீரில் அமிலத்தன்மை இருந்தால் அதன் இரும்புக் குழாய் அரித்து, தண்ணீர் செம்பழுப்பாக வரும், துணியில் கறை படியும். உகாண்டாவில் இது பெரிய பிரச்சினை. பம்பு ஓடிக்கொண்டிருக்கும், மக்கள் பழைய குட்டைக்கே திரும்பியிருப்பார்கள். அப்படிப்பட்ட நிலத்தில் பிவிசி அல்லது துருப்பிடிக்காத எஃகுக் குழாய்தான் போட வேண்டும்.

தெளிவான தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் என்று நம்புவதும் ஆபத்து. எத்தியோப்பியாவின் பிளவுப் பள்ளத்தாக்கில் பல கிணறுகளில், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன வரம்பைத் தாண்டுகிறது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஊருக்குத் தருவதற்கு முன் ஆய்வகத்தில் சோதித்தே ஆக வேண்டும்.

சரி, பம்பிலிருந்து நல்ல தண்ணீரே வருகிறது. அது 20 லிட்டர் மஞ்சள் கேனில் வீடு போய்ச் சேரும். கேனின் உட்புறம் வழவழவென்று பாசி, வீட்டுப் பானைக்குள் கைபட முங்கும் குவளை. தண்ணீர் கெடுவது இங்கேதான். கென்யாவில் சில கிராமங்களில் நீர் எடுக்கும் இடத்திலேயே குளோரின் பெட்டி வைத்தார்கள். வால்வைத் திருகினால் ஒரு கேனுக்கான அளவு விழும், அதன் மேல் தண்ணீர் பிடிக்க வேண்டியதுதான். அந்தப் பெட்டி காலியானால் யார் நிரப்புவது, அந்தக் குளோரினுக்கு யார் பணம் தருவது என்பதைப் பெட்டி வைக்கும் முன்பே ஊர்க் கூட்டத்தில் முடிவு செய்துவிட வேண்டும்.