ஆடியது நிஜமா? நிலநடுக்கத்தை நாமே பார்த்துக்கொள்வது எப்படி

ஃபேன் லேசாக ஆடும், பாட்டிலில் தண்ணீர் தளும்பும். அடுத்த நிமிடமே வாட்ஸ்அப்பில் "உங்க வீட்லயும் தெரிஞ்சுதா?" கூடவே ஒருவர், "அரை மணியில பெருசா வரப்போகுதாம்" என்பார். நிலநடுக்கம் வரும் நேரத்தை முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. வந்துபோனதை மட்டும்தான் பார்க்கலாம்.

1. முதலில் நம் தேசிய நில அதிர்வு மையத்தின் தளம், அல்லது அவர்களுடைய 'பூகம்ப்' செயலி. நேரம், இடம், அளவு, ஆழம் எல்லாம் வரிசையாக இருக்கும். 3 அளவு மாதிரியான சின்ன அதிர்வுகளுக்கு இங்கேதான் வரவேண்டும். அடுத்துச் சொல்லும் அமெரிக்கத் தளத்தில் அவை பெரும்பாலும் வராது.

2. பழைய கணக்கைத் தோண்ட அமெரிக்காவின் புவியியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ் தளம். அதில் 'சர்ச் எர்த்க்வேக் கேட்டலாக்' பக்கத்தைத் திறந்து, 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' கீழே 'சர்க்கிள்' பகுதிக்குப் போங்கள். உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் போடவேண்டும். கூகுள் மேப்பில் வீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்ணும் வரும். சென்னைக்கு 13.08, 80.27. ஆரம் 300 கிலோமீட்டர். தேதியை 2001 செப்டம்பருக்கு மாற்றித் தேடினால், 25-ஆம் தேதி புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்தது கிடைக்கும்.

3. நேரத்தில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். யுஎஸ்ஜிஎஸ் தளத்தில் இருப்பது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டினால்தான் நம் நேரம். "காலையில வந்திருக்கு, நமக்கு மதியம்தானே ஆடுச்சு" என்று நானே ஒருமுறை குழம்பியிருக்கிறேன்.

4. பட்டியலில் ஒன்றுமே இல்லையா? உடனே "பிரமை" என்று முடிவு கட்டாதீர்கள். சில நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். அளவும் இடமும் பிறகு திருத்தப்படுவதுண்டு.

அப்போதும் இல்லையென்றால் வட்டத்தைப் பெரிதாக்குங்கள். 2012 ஏப்ரல் 11 மதியம் சென்னையில் ஆபீஸ்களிலிருந்து ஜனங்கள் இறங்கித் தெருவில் நின்றார்கள். அந்தத் தேதியைப் போட்டு 300 கிலோமீட்டருக்குள் தேடினால் அது சிக்காது. ஆரத்தை 2000 ஆக்கிப் பாருங்கள்: சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில், 8.6 அளவு, யுடிசி 08:38. ஐந்தரை கூட்டினால் மதியம் 2:08.