வீட்டு கம்ப்யூட்டர் பராமரிப்பு: தூசி தட்டுவதிலிருந்து எர்த் பார்ப்பது வரை

மதுரைப் பக்கம் வீட்டு கம்ப்யூட்டரைக் கெடுப்பது பெரும்பாலும் வைரஸ் இல்லை. தூசி, சூடு, ஏறி இறங்கும் கரண்ட், இந்த மூன்றும்தான். ஃபார்மட் அடிப்பது, கிளீனர் சாஃப்ட்வேர் போடுவது எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சித்திரை, வைகாசியில் அறைக்குள்ளேயே 36, 37 டிகிரி நிற்கும். கேபினட் (கம்ப்யூட்டர் பெட்டி) ஃபேன் அந்தக் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறதே தவிர, அது ஏசி இல்லை. அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ, பிராசஸரும் ஏறக்குறைய அத்தனை டிகிரி ஏறும். இதில் பிராசஸர்மேல் உட்கார்ந்து சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் தூசி அடைத்துக்கொண்டால் சூடு வெளியேற வழியே இருக்காது. 95, 100 டிகிரியை நெருங்கியதும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் சட்டென்று ஆஃப் ஆகிவிடும். "மத்தியானம் மட்டும் ஸ்லோவாகுது, ராத்திரி நல்லா ஓடுது" என்று சொல்கிறவர்கள் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். கோர் டெம்ப் என்ற இலவச சாஃப்ட்வேர் போட்டு, வீடியோ கால் ஒன்றை 10 நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். 80க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 90ஐத் தாண்டினால் கேபினட்டைத் திறக்க வேண்டியதுதான்.

ரோட்டோரத்தில் தரைத்தள வீடு, பக்கத்தில் கல்குவாரி லாரி போகிற பாதை என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். மாடி வீட்டுக்கு ஆறு மாதம் போதும். எப்படியிருந்தாலும் பங்குனி முடிவதற்குள் ஒருமுறை செய்துவிடுவது நல்லது. வாரண்டி இருக்கிற கம்ப்யூட்டரில் சீல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், வாங்கிய கடையில் கேட்டுவிட்டுத் திறங்கள்.

தேவையான சாமான்கள்: நடுத்தர அளவு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், ஒரு இஞ்ச் பெயிண்ட் பிரஷ் (புதியது, ஈரம் படாதது), சின்ன எலெக்ட்ரிக் புளோயர், வெள்ளை ரப்பர், ஸ்க்ரூ போட்டு வைக்க ஒரு கிண்ணம். புளோயர் டவுன்ஹால் ரோடு பக்கம் கிடைக்கும். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினாலும் சரி. வேக்கம் கிளீனர் வேண்டாம். அதன் பிளாஸ்டிக் முனையில் உண்டாகும் ஸ்டாட்டிக் கரண்ட் மதர்போர்டு சிப்பைத் தாக்கலாம், ஜம்பர் என்ற சின்ன பிளாஸ்டிக் மூடியையும் உறிஞ்சிக்கொண்டு போகும்.

திறந்து சுத்தம் செய்வது

1. ஸ்லீப்பில் போடாமல் முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள். சுவரில் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, யுபிஎஸ் உள்ளிருந்து கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். கேபினட்டின் பின்னால் செருகியிருக்கும் பவர் வயரையே உருவிவிடுங்கள். பிறகு பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்தால் மதர்போர்டில் மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்துவிடும்.

2. பின்பக்கம் போன் கேமராவில் ஒரு படம் எடுத்துக்கொண்டு எல்லா வயரையும் கழற்றுங்கள். பெட்டியை மொட்டை மாடிக்கோ திண்ணைக்கோ கொண்டுபோங்கள். அறைக்குள் ஊதினால் போன தூசி திரும்ப அங்கேயே வந்து படியும்.

3. முன்னிருந்து பார்க்கும்போது இடதுபக்கத் தகட்டுக்குப் பின்னால் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். கழற்றிவிட்டுத் தகட்டைப் பின்னோக்கி இழுத்தால் வந்துவிடும். உள்ளே கை வைக்கும் முன் கேபினட்டின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பிலுள்ள ஸ்டாட்டிக் இறங்கிவிடும்.

4. முதலில் பிரஷ், அதன் பிறகுதான் புளோயர். ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையில் பிரஷ்ஷைக் கீழிருந்து மேலாக ஓட்டி, ஒட்டிக்கிடக்கும் தூசியைக் கிளப்புங்கள். ஊதும்போது ஒரு விரலால் ஃபேன் இறக்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் விடுவது இதைத்தான். புளோயர் காற்றில் ஃபேன் அதன் அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் போகும். சுற்றும் மோட்டார் ஜெனரேட்டர் மாதிரி கரண்ட் உண்டாக்கி மதர்போர்டுக்குத் திருப்பி அனுப்பவும் வாய்ப்புண்டு. புளோயர் முனையை ஒரு சாண் தள்ளியே வையுங்கள்.

5. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை வெளியிலிருந்து ஊதுவதோடு நிறுத்துங்கள். அதன் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றாதீர்கள். வயரை உருவிய பிறகும் அதற்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

6. ரேமின் இருபுறமும் உள்ள கொக்கியை வெளிப்பக்கம் தள்ளினால் தானாக எழும்பும். அடியில் இருக்கும் தங்க நிறக் கோடுகளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். திரும்பப் போடும்போது நடுவிலுள்ள வெட்டுப் பொருந்துகிறதா என்று பார்த்து, இரு முனையும் 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள்.

7. சமையலறையை ஒட்டிய அறை என்றால் தாளிப்பு எண்ணெய் கலந்த பிசுக்கு ஃபேனில் படிந்திருக்கும், ஊதினால் போகாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் நனைத்து இறக்கை ஒவ்வொன்றாகத் துடையுங்கள். சோப்புத் தண்ணீர் வேண்டாம்.

பிராசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையில் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்டை ஒவ்வொரு முறையும் மாற்றத் தேவையில்லை. தூசி தட்டிய பிறகும் சூடு குறையவில்லை, வாங்கி மூன்று வருடத்துக்கு மேலாகிறது என்றால் மட்டும் மாற்றுங்கள். பழையதை ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பிராசஸர் நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். ஏஎம்டி பிராசஸர் பலவற்றில் ஹீட்சிங்க்கை நேராக மேலே இழுக்காதீர்கள், பேஸ்ட் இறுகியிருந்தால் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து சேர்ந்தே பிடுங்கிக்கொண்டு வரும். 10 நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்து வயரை உருவியபின், இப்படியும் அப்படியும் லேசாகத் திருகிவிட்டு எடுங்கள்.

மூடுவதற்கு முன் பின்பக்கம் தகடு கழன்ற ஓட்டை இருந்தால் அடைத்துவிடுங்கள். உள்ளே கதகதப்பாக இருப்பதால் பல்லியும் எறும்பும் அந்த வழியாகத்தான் நுழையும். பல்லி குறுக்கே விழுந்து போர்டு ஷார்ட் ஆவது நம் ஊரில் அதிசயமே இல்லை. அதற்காகப் பூச்சி ஸ்பிரேயை உள்ளே அடிக்க வேண்டாம். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறீர்கள் என்றால் கேபினட்டின் முன்பக்க பிளாஸ்டிக்கில் வையுங்கள், மானிட்டர் திரையில் வேண்டாம். ஈரப் பூச்சரத்தை மேல்புறக் காற்றுத் துளைமேல் போடக் கூடாது. கம்ப்யூட்டரை அணைத்துச் சூடு ஆறிய பிறகே துணி உறையால் மூடுங்கள்.

மாட்டி ஆன் செய்ததும் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ரேம் சரியாக உட்கார்ந்திருக்காது. கழற்றி மறுபடி அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு இருக்கிற கம்ப்யூட்டரில் மானிட்டர் வயரை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும், மதர்போர்டில் இல்லை.

கரண்ட்

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? பெரும்பாலும் எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்கு இரண்டு சின்ன கெப்பாசிட்டர் போகும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் போய்விடும். இல்லாவிட்டால் பெட்டியிலேயே ஏறக்குறைய 115 வோல்ட் நிற்கும். கரண்ட் ரொம்பக் கம்மி என்றாலும், ஹெச்டிஎம்ஐ வயரில் டிவியை இணைக்கும்போது போர்ட் எரிய அது போதும். எலெக்ட்ரீஷியனை மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 அருகில் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் சரியாக இருந்து கோடையில் மட்டும் இழுத்தால் எர்த் குழி காய்ந்திருக்கும். வாரம் ஒருமுறை இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மூன்றாவது முள்ளை உடைத்து இரண்டு பின் சாக்கெட்டில் செருகும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

சாதாரண 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட் தாங்கும். உள்ளே பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏஹெச் பேட்டரி இருக்கும். நம் வெயிலில் இரண்டு, மூன்று வருடம் உழைத்தாலே பெரிது. ஜன்னல் வெயில் படும் இடத்தில் வைத்தால் அதுவும் இல்லை. மாதம் ஒருமுறை எல்லா ஃபைலையும் சேவ் செய்துவிட்டுச் சுவர் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை என்றால் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும், புது யுபிஎஸ் தேவையில்லை. பழைய பேட்டரியைக் கடைக்குக் கொண்டுபோனால் அதற்கும் ஒரு விலை கழித்துக்கொள்வார்கள். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். உள்ளே இருக்கும் ஹீட்டர் ஒரே இழுப்பில் யுபிஎஸ்ஸைப் படுக்கவைத்துவிடும்.

யுபிஎஸ் இல்லாமல் வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள், இன்வெர்ட்டரில் 'யுபிஎஸ் மோட்' ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் கரண்ட் போனதும் மாறுவதற்குள் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். மின்வாரியம் பராமரிப்புக்காக நிறுத்தும் நாளில், கரண்ட் வந்தவுடனே போடாமல் பத்து நிமிடம் பொறுங்கள்.

சித்திரைக் கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் இடி கேட்டால் பிளக்கை உருவுங்கள். இன்டர்நெட் வயரையும் சேர்த்து உருவ வேண்டும். மாடிக்கு மாடி இழுத்துக் கட்டிய லேன் கேபிள் வழியாக மின்னல் வந்து போர்ட்டை எரித்துவிடும்.

விண்டோஸில் செய்ய வேண்டியது

இங்கே வேலை குறைவு. சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக வையுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாததை டிசேபிள் செய்யுங்கள். எஸ்எஸ்டிக்கு டீஃபிராக் (சிதறிய ஃபைல்களை டிஸ்க்கில் ஒழுங்குபடுத்துவது) தேவையில்லை. கடிகாரம் ஒவ்வொரு முறையும் பழைய தேதிக்கே போனால் மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள், சில பத்து ரூபாய்தான். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. பழைய கம்ப்யூட்டர் விண்டோஸ் 11ஐ ஏற்காவிட்டால், பேங்க் வேலையை அதில் செய்யாதீர்கள், அல்லது லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளுங்கள். கல்யாண போட்டோ, பத்திர ஸ்கேன் போன்றவற்றுக்கு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து, எடுத்து முடிந்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் கம்ப்யூட்டரைத் தாக்கும் வைரஸும் மின்னலும் அதையும் சேர்த்தே கொண்டுபோகும்.